கம்ப்யூட்டருக்கு வந்த கை நடுக்கம்

இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க. கம்ப்யூட்டருக்கு யாராவது கை நடுக்கம் வாங்கிக் குடுப்பாங்களா? எங்க ஆபீஸ்ல குடுத்திருக்கோம். பூஜ்யத்துலேர்ந்து நூறு வரைக்கும் இருக்கு. எவ்வளவு வேணுமோ அவ்வளவு வச்சுக்கலாம், அதுக்கேத்த மாதிரி படத்துல கோடு நடுங்கும். நாங்க முப்பத்தஞ்சுல வச்சிருக்கோம். நாப்பது வச்சா ஓவியர் குடிச்சிருக்கார்னு தோணுமாம். முப்பது வச்சா கம்ப்யூட்டர் போட்டதுன்னு கண்டுபிடிச்சுருவாங்களாம். இதுக்கு ஒரு மீட்டிங் வேற, ஒன்றரை மணி நேரம். பன்னெண்டு பேரு சுத்தி உக்காந்து, முப்பத்தஞ்சுன்னு முடிவு பண்ணிட்டு, என்னமோ நாட்டக் காப்பாத்தின மாதிரி எந்திரிச்சுப் போனாங்க.

அளங்கண்ணே, நீங்க பாட்டுக்கு அளங்க. நான் பேசிக்கிட்டேதான் இருப்பேன், கண்டுக்காதீங்க. கீழ் வீட்டம்மா உங்களப் பத்திச் சொன்னாங்க. "நல்ல கார்பென்டர், வாயே தொறக்க மாட்டாரு"ன்னாங்க. எனக்கு அப்படிப்பட்டவங்களத்தான் பிடிக்கும். ஆபீஸ்ல எல்லாரும் பேசறாங்க, நான் ஒருத்திதான் கேக்கறேன். வீட்லயாவது நான் பேசிக்கிறேனே.

கட்டில் தலைமாடு இந்தச் சுவர்ல வரணும். உயரம் வீல்சேர் சீட்டுக்குச் சரிமட்டமா இருக்கணும், ஒரு விரக்கடை கூடக் கூடாது. எங்கக்கா யாரு உதவியும் இல்லாம தானே நகந்து உக்காந்துக்குவா. கீழ விழுந்து இடுப்பெலும்பு போனதுலேர்ந்து அவளுக்கு வீல்சேர்தான், ஆனா யாராச்சும் கை குடுத்தா முறைப்பா. ஞாயித்துக்கிழமை வந்துருவா. வந்து... இங்கயேதான் இனிமே. அவ இருந்த வீட்டக் காலி பண்ணிட்டா. கட்டில் கால்மாட்டுல வண்டி ஒரு சுத்து திரும்பணும்ல, அதுக்கு அஞ்சடி. அலமாரி அந்த மூலைல. எல்லாம் சரியா வரும், நான் ஏற்கனவே போட்டுப் பாத்துட்டேன்.

எவ்வளவு? ஒம்பதேகால் அடியா?

இருக்காதே. பதினொண்ணரை இருக்கணும். டேப்பு எங்கயாவது மடிஞ்சிருக்கும் பாருங்க. அந்த நுனிய நல்லாச் சுவர்ல ஒட்டி வைங்க. மறுபடி அளங்க, அவசரமே இல்ல.

நான் என்ன வேலை பாக்கறேன்னு கேக்கவே இல்லையே நீங்க. கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். இல்லாத வீட்ட இருக்கற மாதிரி காட்டறதுதான் என் வேலை. கட்டடத்துக்குக் குழி தோண்டிக்கிட்டு இருப்பாங்க, அதுக்குள்ள நான் சோபா போட்டு, ஜன்னலுக்குத் துணி மாட்டி, வெயில் அடிக்க வச்சு, படமாக் குடுத்துருவேன். போட்டோ இல்ல. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளயே கட்டறது. சுவரு, கதவு, கதவுல கைப்பிடி, கைப்பிடில பளபளப்பு. பதினெட்டு வருஷம் ஆச்சு. மொதல்ல நான் போட்டதெல்லாம் பிளாஸ்டிக் பொம்மை வீடு கணக்கா இருக்கும். அப்புறம் ஒவ்வொண்ணாக் கத்துக்கிட்டேன். தரைல லேசா ஒரு கீறல் போடணும். தலகாணில யாரோ இப்பதான் எந்திரிச்சுப் போன மாதிரி ஒரு குழி வேணும். சுவிட்சச் சுத்தி விரல் பட்ட அழுக்கு வேணும். அழுக்குப் போடக் கத்துக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே. வீட்ல அது தானா வருது, அது வேற விஷயம்.

நல்லாப் போட்டேன். அதுதான் தப்பாப் போச்சு.

ஒரு அம்மா வீடு வாங்கிக் குடி வந்துட்டு, ஒரு வாரத்துல என் படத்தத் தூக்கிக்கிட்டு ஆபீசுக்கு வந்துட்டாங்க. மேஜை மேல வச்சு, "இந்தப் பூனை எங்க?"ன்னு கேட்டாங்க. ஜன்னல் ஓரமா ஒரு பூனை போட்டிருந்தேன், அழகுக்கு. பூனையெல்லாம் வீட்டோட வராதும்மான்னு சொன்னோம். "சரி, இந்த வெயில் எங்க?"ன்னாங்க. வெயில் வர்ற பக்கம் எதிர்க் கட்டடம் ஒம்பது மாடிக்கு நிக்குது. படத்துல நான்தான் அதத் தூக்கிட்டேன். தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன். அந்தம்மா நேரா வக்கீல்கிட்டப் போய் நோட்டீஸ் அனுப்பிட்டாங்க.

அப்பதான் எங்க கம்பெனி வக்கீல் ஒரு யோசனை சொன்னாரு. போட்டோ மாதிரி இருந்தா அது வாக்குறுதியாம். ஓவியம் மாதிரி இருந்தா அது கற்பனையாம். "ஓவியத்த எவனும் டேப்பு வச்சு அளக்க மாட்டான்"னாரு. பெரிய படிப்புப் படிச்சவரு. பாவம், அவருக்கு எங்க அக்காவத் தெரியாது.

இப்ப எவ்வளவு வருது? அதே ஒம்பதேகாலா... பூச்சு கனமாப் பூசியிருப்பாங்கண்ணே. இந்தக் காலத்துல பூசறவங்களுக்குக் கை தாராளம். ரெண்டேகால் அடிக்கு எவனும் பூச மாட்டான்னு எனக்கும் தெரியுது, பாக்காதீங்க அப்படி. ஜன்னல் பக்கமாப் போய் ஒருக்கா அளந்து பாருங்க.

எங்க விட்டேன்... ஆங், ஓவியம். மறுநாளே உத்தரவு. இனிமே எல்லாப் படமும் கையால வரைஞ்ச மாதிரி இருக்கணும், வாட்டர் கலர் மாதிரி. கையால வரையத் தெரிஞ்ச ஆள வேலைக்கு வைக்கலாம்ல? அது மட்டும் கூடாது. கம்ப்யூட்டர் மொதல்ல பதினொரு மணி நேரம் உக்காந்து அச்சு அசலாப் போட்டோ மாதிரி ஒரு படம் போடும். அப்புறம் அந்தப் படத்த நான் கெடுக்கணும். கோட்டத் தாண்டிக் கலர் வழியணும். காகிதத்தோட சொரசொரப்பு தெரியணும். ஒரு மூலைல தண்ணி பட்டுக் காஞ்ச மாதிரி ஒரு கறை வேணும். பதினொரு மணி நேரம் பாத்துப் பாத்துச் சமைச்சுட்டு, பரிமாறும்போது ஒரு சொம்புத் தண்ணிய ஊத்தற மாதிரி.

எங்க மேனேஜர் இருக்காரே, அவருக்கு நாங்க வச்ச பேரு ஃபீலிங்ஸ். எதக் காட்டினாலும் "ஃபீல் வரலம்மா"ம்பாரு. கோடு நேரா இருந்தா ஃபீல் வரல. கோணலா இருந்தா அதுலயும் வரல. ஒரு நாள் வந்து, "கோடு அங்கங்க விட்டுப் போகணும்மா, ஓவியருக்குக் கை வலிக்கும்ல"ன்னாரு. எனக்கு பதினெட்டு வருஷமாத் தோள்பட்டை வலிக்குது, அத ஒரு நாள் கேட்டதில்ல. இல்லாத ஆளுக்குக் கை வலிக்குதாம். சரின்னு களைப்பையும் போட்டுக் குடுத்தேன். படம் முடியற பக்கமாப் போகப் போகக் கோடு சோர்ந்து போகும். அப்படியே டீக்கும் ஒரு இடைவேளை விட்டுரவான்னு கேட்டேன். அந்தாளு யோசிச்சாருண்ணே, நெசமாவே யோசிச்சாரு.

அதோட விட்டாரா? கீழ ஒரு கையெழுத்து வேணும்ன்னாரு. யாரோடதுன்னேன். "யாரோடதாவது"ன்னாரு. சரின்னு, படிக்க முடியாத மாதிரி ஒரு கிறுக்கல் போட்டேன். இப்ப அந்தக் கிறுக்கலுக்கு ரசிகருங்க இருக்காங்க. ஒருத்தர் அவரு பொண்ணப் படமா வரைஞ்சு தரணும், ஓவியரப் பாக்கணும்னு மூணு தடவ வந்துட்டாரு. ஓவியர் யாரையும் பாக்கறதில்லன்னு ஃபீலிங்ஸ் சொல்லி அனுப்பறாரு. நான் பக்கத்து மேஜைல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். இல்லாத ஆளுக்கு இருக்கற மரியாத, இருக்கற எனக்குக் கிடையாது.

போன் அடிக்குதுல்ல, அடிக்கட்டும். அக்காதான். அப்புறமாப் பேசிக்கிறேன். காலைலேர்ந்து மூணாவது தடவ. ஒண்ணுமில்ல, அந்தச் செடி வாங்கியாச்சான்னு கேப்பா.

என்ன செடியா? சொல்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

இந்தக் கோடு சமாச்சாரம் இருக்கே, அதுல ஒரு வில்லங்கம் உண்டு. கோடு எங்க போடணும்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ஒரு பொருள் எங்க முடியுதோ, இன்னொண்ணு எங்க ஆரம்பிக்குதோ, அங்க கோடு. அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்சது. மனுஷன் வரைஞ்சா எதக் காட்டணும், எத விட்டுரணும்னு ஒரு விவரம் இருக்கும். இது விருந்தாளி முன்னாடி வீட்டுச் சங்கதி மொத்தத்தையும் கொட்டற குழந்தை மாதிரி. மொத மொத ஒரு பூந்தொட்டிக்குக் கோடு போட விட்டேன். இலை ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் கோடு போட்டு, பாத்தா எறும்புப் புத்த மிதிச்ச மாதிரி இருந்துச்சு. அதெல்லாம் சரி பண்ணிட்டேன். ஆனா ஒரு படத்துல, ஒரே ஒரு படத்துல, வெள்ளைச் சுவர்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு கருப்புக் கோடு. அங்க ஒரு பொருளும் இல்ல. ஆணி கூட இல்ல. நடுக்கத்தோட, களைப்போட, அழகா ஒரு கோடு.

ரெண்டு நாள் அந்தக் கோட்டோட மல்லுக்கட்டினேன். அழிச்சா மறுபடி வருது. அந்தக் கோடு போடற புரோகிராம் வித்தவனுக்கே போன் போட்டு, உன் சரக்கு சரியில்லன்னு சண்ட போட்டேன். அவன் பொறுமையாக் கேட்டுட்டு, "மேடம், அந்த இடத்துல உங்க சுவரு ரெண்டு துண்டா இருக்கான்னு பாருங்க"ன்னான். எனக்கே சுவரப் பத்திப் பாடம் எடுக்கறியான்னு கேட்டு வச்சுட்டேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.

என்னண்ணே? ஜன்னல் பக்கமும் ஒம்பதேகால்தானா?

ம்... சரி. டேப்பச் சுருட்டுங்க. டேப்புல தப்பில்ல, பூச்சுலயும் தப்பில்ல. இந்த ரூம் ஒம்பதேகால்தான். எனக்குத் தெரியும். குடி வந்த அன்னைக்கே நானே அளந்தேன்.

உக்காருங்க, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. சொல்லித்தான ஆகணும்.

அக்கா டெய்லருண்ணே. முப்பத்தஞ்சு வருஷம் தெச்சவ. ஒரு ஆளு தெருமுனைல வர்றப்பவே தோள் அளவு சொல்லிருவா. ரெண்டு மாசம் முன்னாடி, இங்க வர்றதுன்னு முடிவானப்ப, "எனக்கு எந்த ரூமுடி?"ன்னு போன்ல கேட்டா. ஒரு கேள்விதான். எனக்கு பதில் வரல. படம் அனுப்பறேன் பாருன்னுட்டேன். பெரிய உத்தியோகம்ல, எதுக்கெடுத்தாலும் படம்.

உக்காந்து இந்த ரூமக் கம்ப்யூட்டர்ல கட்டினேன். உள்ளது உள்ளபடி, ஒம்பதேகால். கட்டிலப் போட்டேன், கால்மாட்டுல மூணடி மிச்சம். வண்டிய வச்சேன், உள்ள போச்சு, திரும்பல. பின்பக்கமாவே வெளிய வரணும், லாரி மாதிரி. கட்டிலத் திருப்பிப் போட்டா கதவு பாதிதான் தொறக்குது. ஜன்னல் வேற பாருங்க, உக்காந்திருக்கறவளுக்கு வானம் கூடத் தெரியாது. தீப்பெட்டி மாதிரி இருந்துச்சு. இத எப்படி அனுப்பறது அவளுக்கு?

சுவரப் பிடிச்சு இழுத்துட்டேண்ணே. கையப் புடிச்சு இழுக்கற மாதிரிதான், ஒரு நொடி வேலை. ரெண்டேகால் அடி. பழைய சுவரு எங்க முடிஞ்சுதோ அங்கேர்ந்து புதுத் துண்டு. போட்டோ மாதிரி இருந்திருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது, ரெண்டும் ஒரே வெள்ளை, வெளிச்சம் பட்டா ஒண்ணாத்தான் இருக்கும். நான் ஆசையா அக்காவுக்கு வாட்டர் கலர்ல போடலாம்னு போனேன். அது சரியா அந்த ஒட்டுல கோடு போட்டுக் காட்டிக் குடுத்துருச்சு. இங்க ஒரு வீடு முடியுது, இங்க ஒரு பொய் ஆரம்பிக்குதுன்னு.

கண்டுபிடிச்சப்பவாவது நிறுத்தியிருக்கணும். நான் என்ன பண்ணேன்? கோடு மேல ஒரு செடிய வச்சேன், ஆளுயரச் செடி. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், நான் சுவரையே செடில மறைச்சேன். அனுப்பினேன். ஆபீஸ் படத்துக்கெல்லாம் அந்தக் கிறுக்கல் போடறேன்ல, இதுல மட்டும் என் கையெழுத்துப் போட்டேன். என் பேரு, தெளிவா. என் அக்காவுக்குல்ல அனுப்பறேன்.

அவ என்ன பண்ணா தெரியுமா? இஞ்ச் டேப்ப எடுத்துப் படத்துல வச்சுட்டா. கட்டில் ஆறடின்னா படத்துல இத்தன இஞ்ச், அப்ப மொத்த ரூமு பதினொண்ணர, வண்டி திரும்ப அஞ்சர இருக்குன்னு கணக்குப் போட்டுட்டா. போன் பண்ணி, "தாராளமாப் போதும்டி, அந்தச் செடிக்குப் பக்கத்துல வண்டிய நிறுத்திக்கிட்டு ஜன்னல் வழியாத் தெருவப் பாத்துக்கிட்டு இருப்பேன்"ன்னா. செடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு தெரியுமாண்ணே? பக்கத்து வீட்டுக்காரரு குளியலறை. எங்கக்கா ஞாயித்துக்கிழமை வந்து அவரு குளியலறைல உக்காந்து தெருவப் பாக்கப் போறா.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. நான்தான சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேன்.

அந்தப் படத்த நம்பித்தாண்ணே வீட்டக் காலி பண்ணினா. அதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் உறுத்துது. அவ வந்தா அவகிட்ட என்ன சொல்லுவேன்? ஓவியம்னா கற்பனை, வக்கீல் சொல்லியிருக்காருன்னு சொல்லவா?

எந்திரிச்சுட்டீங்களா? இருங்கண்ணே, காபி போடறேன். வேலை இல்லன்னு போறீங்களா? ஒம்பதேகாலுக்குள்ளயே ஏதாவது மடக்குக் கட்டில் மாதிரி... அண்ணே, வாசல் அந்தப் பக்கம் இல்ல. அது எதிர் ரூம். அது என் ரூமு, என் வேலை ரூமு. அங்க அளக்க ஒண்ணுமில்ல.

தொறக்காதீங்க, உள்ள ஒரே ஒயரு. தொறந்துட்டீங்க. சரி, பாத்துட்டு வாங்க. பெரிய ரூமுதான், ஆமா. எனக்கு மேஜை பெருசுண்ணே. ரெண்டு ஸ்கிரீன் இருக்கு, கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது, சுத்திக் காத்து போகணும். அந்த நாற்காலி வேற, அத நான் மனசு சரியில்லேன்னா அங்கேர்ந்து இங்க வரைக்கும் உருட்டிக்கிட்டே யோசிப்பேன். ஜன்னலா? அது பெருசாத்தான் இருக்கும், தெரு பூரா தெரியும். கண்ணுக்கு நல்லதுன்னு டாக்டரே... ஏன் அந்த ஜன்னலையே பாக்கறீங்க?

ஆமாண்ணே. படத்துல இருக்கறது இந்த ஜன்னல்தான். அந்த ரூமு ஜன்னல் சின்னதா இருந்துச்சு, அதனால இத எடுத்து அங்க ஒட்டினேன். வேற எங்கயோ இருந்து எடுத்திருக்கலாம், ஆயிரம் ஜன்னல் இருக்கு கம்ப்யூட்டர்ல. கை இதத்தான் எடுத்துச்சு.

டேப்ப ஏன் பிரிக்கறீங்க? வேண்டாம்ண்ணே. எனக்கு அது எவ்வளவுன்னு தெரியும்.

சொல்லாதீங்கன்னா கேக்கறீங்களா... பதினொண்ணரை. ம்.

எந்த ரூமுன்னு அவ கேட்டப்ப ஏன் பதில் வரலன்னா, பதில் எனக்குத் தெரியும், அதனாலதான் வரல. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அவளும் வேணும், ரூமும் வேணும். வெக்கமா இருக்குண்ணே. மொத மொத எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தப்ப நாங்க இருந்ததே ஒரு ரூம்தான். அக்காதான் இடம் விட்டா. தையல் மெஷினத் தூக்கி அடுப்புக்குப் பக்கத்துல போட்டுக்கிட்டா. பதினாறு வருஷம் அங்கதான் தெச்சா. தெச்ச துணியிலெல்லாம் தாளிச்ச வாசன வருதுன்னு ஜனங்க சொல்லுவாங்க, இவ சிரிச்சுக்குவா. இடம் பத்தலன்னு ஒரு நாள்... ஒரு நாள் கூடச் சொன்னதில்ல. நான் என்னடான்னா சுவர இழுத்துக் காட்டறேன்.

மறுபடி போன். இருங்க, எடுக்கறேன்.

ஹலோ. ஆமாக்கா, கார்பென்டர் வந்திருக்காரு. அளந்தாச்சு. ஆமா, பதினொண்ணரதான், டேப்பு வச்சே பாத்தாச்சு... அக்கா, ஒரு விஷயம், நீ வந்தப்புறம் சொல்றேன், திட்டுவே, பரவால்ல. செடியா? இல்ல, இன்னும் வாங்கல. வாங்கறேன்.

வச்சுட்டா. அண்ணே, என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? இந்த மேஜைய அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க. குறுக்கத் தூக்கினா எதிர் ரூம் கதவுல போயிரும், நான் போட்டுப் பாத்திருக்கேன். மேஜை உள்ள போயிட்டா நான் உள்ள போக முடியுமான்னு கேக்கறீங்களா? பின்பக்கமா வருவேன், லாரி மாதிரி. கட்டில் தலைமாடு அந்தச் சுவரு. அலமாரி இந்த மூலை. குறிச்சுக்கவே வேண்டாம், அந்தப் படத்தப் பிரிண்ட் போட்டுத் தர்றேன், அதப் பாத்து அப்படியே செய்ங்க. அளவெல்லாம் சரியாத்தாண்ணே போட்டிருக்கேன். ரூமத்தான் மாத்திப் போட்டுட்டேன்.